அம்மாவின் லேசான வலி

மாத நாவல்களில் யாரும் எதையும் முழுதாகச் செய்வதில்லை. கதாநாயகன் லேசாகச் சிரிப்பான். கதாநாயகி லேசான ஒப்பனையோடு வருவாள். இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்ததும் லேசாக அதிர்வார். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்த நாவல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அம்மா செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி கல்பாக்கத்து ஊழியர் குடியிருப்புக்கு வந்த பிறகும் பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் வாடகைப் புத்தகக் கடையில் பத்துப் பன்னிரண்டு நாவல்களை அள்ளிக்கொண்டு வருவாள். சிலவற்றைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டாள். கடைக்காரரும் கேட்கமாட்டார். ஓரமெல்லாம் கடல் காற்றில் நமத்துப்போய், அட்டையில் பின் அடித்த இடம் துருப்பிடித்திருக்கும்.

அந்த ஒரு சொல்லை நான் உற்றுக் கவனிக்க ஆரம்பித்தது அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த பிறகுதான். அப்போது எனக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்திருந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, முதுகெலும்புப் பக்கம் போய்விட்டது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்துக்கொள்வது என்றால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். திருக்கழுக்குன்றம் வழியாக வாடகைக் காரில் போவோம். அந்தச் சாலையில் வேகத்தடைகள் அதிகம். ஒவ்வொரு தடையிலும் அம்மா என் மணிக்கட்டைப் பிடிப்பாள். இறங்கும்போது என் கையில் நகம் பதிந்த பிறைகள் வரிசையாக இருக்கும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்தான் பேசுவாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"லேசா இருக்கு டாக்டர்."

"பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? பத்துன்னா தாங்கவே முடியாத வலி."

"வலிக்குப் போய் எதுக்கு டாக்டர் மார்க்கெல்லாம்? லேசாத்தான்."

"டாக்டர், வர்ற வழியில அம்மா ரொம்ப..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இவ சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி டாக்டர். பல்லியப் பாத்தா மேஜை மேல ஏறுவா."

டாக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதே பழைய மாத்திரையை டாக்டர் மறுபடி எழுதினார். பிறகு என்னை மட்டும் நிற்கச் சொன்னார். "இதுக்கு மேல போனா மார்ஃபின்தான். குடுத்தா மயக்கம் இருக்கும், வாந்தி வரலாம். லேசா வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு நான் அத எழுத முடியாது. நான் பார்க்கறது அஞ்சு நிமிஷம். ஒண்ணு அவங்க சொல்லணும், இல்ல நீங்க கூட இருந்து பார்த்து எவ்வளவுன்னு எனக்குச் சொல்லணும்."

எவ்வளவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நான் படித்தது கருவியியல். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு மானி காட்டும் எண்ணை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. எடை தெரிந்த படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். குறைத்துக் காட்டும் மானியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்தால் போதும், அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

அம்மாவையும் அப்படிப் பார்க்க முயன்றேன். எனக்குத் தெரிந்த அவளுடைய பழைய வலிகளை வரிசைப்படுத்தினேன். குக்கர் ஆவி அடித்து முழங்கை தோல் உரிந்தபோது, லேசா சுட்டுடுச்சு. கடைவாய்ப்பல் சீழ்பிடித்து முகம் வீங்கியபோது, லேசா பல் வலி. நான் பிறந்ததைப் பற்றிச் சொல்லும்போதுகூட, "லேசா இடுப்பு வலிச்சுது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், நீ வந்துட்டே." எந்த எடையை வைத்தாலும் முள் அதே இடத்தில் நின்றது. மானி நின்றுபோயிருந்தால் சரிபார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க அம்மாவால் முடியாமல் போனதும், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள கொக்கிலமேட்டிலிருந்து ஒரு அக்கா வருவார். அவர் புருஷன் கடலுக்குப் போகிறவர். நான் வேலையிலிருந்து திரும்பியதும் அவர் கிளம்பலாம். ஆனால் கதை தொடங்கினால் கிளம்பமாட்டார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

வாசிக்க வாசிக்க அந்தச் சொல் என் கண்ணில் குத்தியது. பென்சிலால் அடிக்கோடு போட்டேன். போடப் போட அவை ரகம் ரகமாகப் பிரிந்தன. சிரிப்பு, தூறல், ஒப்பனை, தாடி இவற்றோடு வருகிற லேசுக்கு அர்த்தமே கிடையாது. எழுதுகிறவர் அடுத்த வார்த்தையை யோசிக்கும்வரை அது அங்கே உட்கார்ந்திருக்கும். குடும்பக் கதைகளில் மாமியார் குரலை லேசாக உயர்த்தினால் தெருவே கூடிவிட்டது என்று பொருள். பணக்காரத் தகப்பனார் லேசாக நெஞ்சைத் தடவிக்கொண்டால் உயில் வாசிக்கும் அத்தியாயம் பக்கத்தில் வந்துவிட்டது. துப்பறியும் கதைகளில் கதவு லேசாகத் திறந்திருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவன் வெளியே வரும்போது பழைய ஆளாக இருக்கமாட்டான். நோய் வருகிற கதைகளில் அது இருமலோடு வரும். முதல் அத்தியாயத்தில் லேசான இருமல், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் படத்துக்கு மாலை. அழுது முடித்தவர்களுக்கு மனசு லேசாகும். அம்மாவுக்கு அந்த ரகம் பிடிக்காது. "அழுதா தலைதான் வலிக்கும், மனசு எங்க லேசாகும்?" என்பாள்.

இந்தச் சொல்லை அம்மாவைப்போல அறிந்தவர்கள் யாருமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கதையில் எந்த லேசு எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தவள் அவள். படிக்கற்கள் இங்கே இருந்தன, நான்தான் வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிக்கோடு போட்ட புத்தகங்களை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் ஒவ்வொண்ணா படிக்கறேன். இப்ப உனக்கு இருக்கற வலி இதுல எந்த லேசுன்னு சொல்லு."

"என்னடி இது புதுப் பரீட்சை?"

"அவன் உதட்டில் லேசான புன்னகை அரும்பியது."

"ஆங், இதான். எழுதிக்கோ."

"அம்மா!"

தரையில் இருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பாப்பா, கதய வுட்டுட்டு ஒத்த ஒத்த வரியா புட்டுகினு கீற? நேத்து அந்தப் பொண்ணு பொட்டிய தூக்கிகினு ரயில்வே ஸ்டேஷன்ல நின்னுச்சே, அது இன்னா ஆச்சு? அத்தப் படி மொதல்ல."

"படிக்கறேன் அக்கா. இது டாக்டருக்கு."

"டாக்டருக்கு எதுக்கு சிரிப்பு? மாத்தர எழுதச் சொல்லு, போதும்."

தூறலைப் படித்தேன், அம்மா உதட்டைப் பிதுக்கினாள். மாமியாரின் குரலைப் படித்தேன். "அது பரவால்ல, காலைல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அவள் விளையாடவில்லை என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தைப் புரட்டினேன். "மாடிப்படி ஏறியவன் நின்றான். அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது."

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைக்குப் போயிருந்தார். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"கதவுதாண்டி" என்றாள். "மத்தியானத்துக்கு மேல எல்லாம் கதவுதான்."

மறுநாள் வேலை முடிந்து நேரே செங்கல்பட்டுக்குப் போனேன். டாக்டரிடம் கதவைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். "கதையெல்லாம் நான் படிச்சதில்லம்மா. ராத்திரி தூங்கறாங்களா?" இல்லை என்றேன். "பக்கவாட்டில திரும்பிப் படுக்க முடியுதா? சாப்பிடும்போது பாதியில நிறுத்திடறாங்களா?" எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், நிறைய கையெழுத்துகள் போட்டு, வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடைசில குடுக்கறதும்மா."

"அப்படியெல்லாம் இல்லப்பா. வலிக்குக் குடுக்கறது."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இத ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவர் கண்ணையே தெறக்கல. உங்கம்மாவே லேசாத்தான் வலிக்குதுங்கறா. லேசான வலிக்கு எதுக்கு இது?" பிறகு உள்ளே திரும்பி, "ஏம்மா, இப்ப வேணுமா இது?" என்றார்.

"லேசாத்தான் இருக்கு. பாத்துக்கலாம்" என்று அம்மாவின் குரல் வந்தது.

அப்பா மாத்திரைகளை பீரோவில் வைத்துவிட்டார். அப்போது அவர் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் டப்பாவுக்குள் இருக்கும் என்பது அவருடைய உலகம். அவர் கெட்டவர் இல்லை. வாரப் பத்திரிகை வந்தால் தலையங்கத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். ஒரு கதைகூட அவர் படித்து நான் பார்த்ததில்லை.

அவர் குளிக்கப் போன நேரம் அம்மாவிடம் சண்டை போட்டேன். "என்கிட்ட கதவுன்னே. அவர்கிட்ட ஏம்மா லேசுங்கறே?"

"அவருக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷமா கூட இருக்காரு. நான் லேசான்னு சொன்னா எவ்வளவுன்னு அவருக்குப் புரியும்டி. புரிஞ்சுதான் வேணாங்கறாரு. நான் தூங்கிட்டே இருந்தா அவர் யார்கிட்ட பேசுவாரு?"

நான் அப்பாவிடம் போய், அம்மாவுக்கு நிஜமாகவே ரொம்ப வலி என்றேன். "உன்கிட்ட சொன்னாளா?" என்று கேட்டார். சொன்னாள் என்றேன். "என்னன்னு சொன்னா?" என்றார். லேசாகத் திறந்த கதவுபோல என்று சொன்னாள் என்றேன். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நீ சரியாத் தூங்கறதில்ல, போய்ப் படு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை. வலியை நிறுத்தும் மருந்து பீரோவில் இருந்தது. வலிக்கிறவள் பத்தடி தள்ளிக் கட்டிலில் இருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அம்மா நம்பினாள், அவள் சொன்னதை அப்பா அப்படியே நம்பினார், நடுவில் நான் யாரை எப்படி உலுக்குவது என்று தெரியாமல் நின்றேன். அம்மாவின் உதடு கடித்துக் கடித்து உள்பக்கம் புண்ணாகியிருந்தது. தண்ணீர் குடிக்கும்போது எரியும். "லேசா எரியுது" என்பாள். ஆய்வுக்கூடத்தில் படிக்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை மறந்து நின்றேன். மாத்திரையைத் தூளாக்கி ரசம் சாதத்தில் கலந்துவிடலாமா என்று யோசித்தேன். அளவு தெரியாமல் செய்கிற வேலை அது, கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு மறுபடி யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. அம்மா கதை வேண்டும் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரத் தேவையில்லை என்றாலும் அக்கா வந்திருந்தார். கதைக்காகத்தான் வந்திருந்தார். வேறு வழியில்லாமல் அப்பா புத்தகத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் சுற்றறிக்கை வாசிப்பதுபோல ஆரம்பித்தார். முற்றுப்புள்ளி வந்தால் நிறுத்துவார், மேற்கோள் குறி வந்தாலும் நிறுத்துவார்.

"சார், பொம்பள பேசுறப்ப கொஞ்சம் பொம்பள மாதிரி படி சார்" என்றார் அக்கா.

"எழுதியிருக்கறதத்தானே படிக்க முடியும்?"

"இன்னா இது, ஸ்கூல்ல பேரு கூப்புடுற மாதிரி கீது."

அம்மா சிரித்தாள். கதையில் ஒரு மருமகள். நல்லவள். மூன்றாம் பக்கத்திலேயே குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு லேசாக இருமினாள். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா "ச்சொ, பாவம்" என்றார்.

"என்ன பாவம்? லேசான இருமல்தானே, கஷாயம் குடிச்சா போயிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா மேலே படித்தார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் நடந்த சண்டைகளை, குழந்தையின் பிறந்தநாளை, கணவனின் பதவி உயர்வை எல்லாம் அவர் உண்மையான அக்கறையோடு படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "மாமனார் நல்ல மனுஷன்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அவரே புத்தகத்தை எடுத்தார். மருமகள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்தாள். அப்பாவின் குரல் தடுமாறியது. பிறகு அவள் இறந்துபோனாள். ஒரே ஒரு வரிதான். அப்பா அந்த வரியைப் படித்துவிட்டு, முன்பக்கங்களைப் புரட்டித் தேடினார்.

"முன்னாடி லேசான இருமல்னுதானே போட்டிருந்தான்?"

"இன்னா சார் நீ? மொத பக்கத்துல லேசா இருமுனாவே ஆளு அவுட்டு. எத்தினி கதயில பாத்துகிறோம்."

"அப்ப அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"மொதல்லயே சொன்னா யார் படிப்பாங்க?" என்றாள் அம்மா. சிரிக்கப் போனாள். அதற்குள் வலி வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தலையணை உறையைப் பல்லால் கவ்வினாள். முழங்கால்கள் மேலே வந்தன. அக்கா எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். அது வடியும்வரை கையை எடுக்கவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார் அப்பா.

"லேசா."

அப்பா புத்தகத்தில் விரலை வைத்தபடியே இருந்தார். குனிந்து பக்கத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவருடைய முகம் மாறுவதை நான் பார்த்தேன். இப்போதும் அதை எழுத எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

"நீ சொல்றதும் இந்த மாதிரிதானா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ சொன்னதத்தானே நான் நம்பிட்டிருந்தேன்."

அம்மா அவரையே பார்த்தாள். அவள் மனதுக்குள் எத்தனை வருஷங்கள் இடம் மாறின என்று தெரியவில்லை. அவருக்குப் புரிகிறது என்று எண்ணி அவள் பொறுத்துக்கொண்ட அத்தனையும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது. என்னால முடியல."

அப்பா எழுந்தார். பீரோவைத் திறக்கும்போது சாவி கையிலிருந்து விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே தண்ணீர் கொண்டுவந்து, அவரே அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்து மாத்திரையைக் கொடுத்தார். சற்று நேரத்தில் அம்மாவின் கால்கள் மெல்ல நீண்டன. பல நாட்களுக்குப் பிறகு வாய் திறந்தபடி தூங்கினாள். அக்கா சத்தமில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அப்பா அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மாத்திரையின் வேகம் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் தேய்ந்துவிடும். டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் கிடைத்தன, பிறகு இடைவெளி திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் அம்மா இப்போது எதையும் மறைக்கவில்லை. எங்களுக்குள் அது வலி என்று ஆகிவிட்ட பிறகு, அதை மூடி வைக்க எங்களில் யாரிடமும் ஒரு சொல்லும் இல்லை. முதல் தடவை அவள் வாய்விட்டுக் கத்தியபோது பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் திணிக்கப் போனாள்.

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தும்மா" என்றார். "கத்திக்கோ. நான் இங்கதான் இருக்கேன்."